குன்னூரிலிருந்து தார்நாக்காவுக்கு: ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் வரலாறு



நம் காலனியிலிருந்து தார்நாக்காவுக்குச் செல்லும் வழியில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் அருகே, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பலகையைத் தாங்கிய பெரிய வளாகம் ஒன்று உள்ளது. ஜாமியா உஸ்மானியா ரயில் நிலையத்தில் இறங்குவோர்க்கு அது நெடுந்தொலைவன்று. ஆண்டுக் கணக்காக அவ்வாயிலைக் கடந்து பணிக்குச் சென்று வந்தும், அஃது என்ன இடம், எங்கிருந்து வந்தது என்று யாம் ஒருநாளும் வினவியதில்லை. அது நம்மைப் போலவே தமிழ் நிலத்தில் பிறந்து இங்கே குடிபெயர்ந்து வந்த ஒன்று என்று அறிந்தபோது, அயலூர்ச் சந்தையில் சொந்த ஊராரைக் கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

அறிய நேர்ந்த காரணம் மட்டும் மகிழ்ச்சிக்குரியதன்று. சென்ற ஆண்டு எம் மூத்த மகளின் பள்ளியில் மாணவியர் அனைவருக்கும் இரத்தப் பரிசோதனை நடந்தது. பதினான்கு வயதுப் பெண். மூன்று வேளையும் வயிறார உண்பவள். ஒரு நாளும் பட்டினி அறியாதவள். அவளுடைய ஹீமோகுளோபின் அளவு ஒன்பது என்று சீட்டில் எழுதி அனுப்பியிருந்தனர். நாள்தோறும் சோறும் குழம்பும் பொரியலும் சமைக்கும் வீட்டில் இரத்தசோகை எப்படிப் புகுந்தது என்று எம் இல்லத்தரசியார் கண் கலங்கினார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்து, மெட்ரிகுலேஷனோடு படிப்பு நின்ற எமக்கு விளங்கிய அளவில் படித்துத் தொகுத்ததே இக்கட்டுரை.

ஓர் அறையில் தொடக்கம்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏறத் தொடங்கியது 1899ஆம் ஆண்டு. அக்குன்னூரில் 1907இல், வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யும் பொருட்டுத் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1918இல் அந்நிலையத்தின் ஓர் அறையை ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவரிடம் ஒப்படைத்தனர். பெரிபெரி என்னும் நோய் ஏன் வருகிறது என்று கண்டறிவதே அவருக்கு இட்ட பணி. இன்று ஐதராபாத்தில் பரந்து நிற்கும் நிறுவனத்தின் மூலவித்து அவ்வொற்றை அறைதான்.

மக்காரிசன் அயர்லாந்தில் 1878இல் பிறந்தவர். 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். குன்னூருக்கு வருமுன் வடமேற்கு எல்லையில் கில்கித் என்னும் மலைநாட்டில் பணியாற்றினார். அங்கே மக்களிடம் முன்கழுத்துக் கழலை மிகுதியாக இருந்தது. ஒரே ஓடையைக் குடிநீராகக் கொண்ட சிற்றூர்களில், ஓடையின் தலைப்பில் உள்ளோர்க்குக் கழலை குறைவாகவும், கீழே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருப்பதை அவர் கண்டார். நீரில் கலந்த மாசுதான் காரணம் என்று துணிந்து, அம்மாசைத் தாமே உட்கொண்டு தம் உடலிலேயே சோதனை செய்தார். அவருடைய துணிவைப் போற்றலாம். ஆனால் முடிவு முழு உண்மையன்று. அயோடின் என்னும் சத்துக் குறைவதே கழலைக்குத் தலையாய காரணம் என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது. ஆந்திரத்துச் சீகாகுளத்தில் பிறந்து, குன்னூர்க் கூடத்திலும் பணி செய்த ராமலிங்கசுவாமி, 1956 முதல் இமயத்தின் காங்கடாப் பள்ளத்தாக்கில் அயோடின் கலந்த உப்பை மக்களுக்கு வழங்கிக் கழலை குறைவதைக் காட்டினார். 1962இல் அரசு நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நம் அடுக்களையில் உள்ள உப்புப் பொட்டலத்தில் அயோடின் என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் இவ்வரலாற்றை நினைவு கூரலாம்.

மக்காரிசனின் ஒற்றை அறைக்கும் இடையூறு வராமலில்லை. அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. 1925இல் அது மீண்டும் உயிர்பெற்றது. 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடங்கள் என்னும் பெயரோடு தனி அமைப்பாக வளர்ந்தது. மக்காரிசனே அதன் முதல் இயக்குநர்.

அரிசியின் கதை

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, வலுவிழந்து, சிலருக்கு உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரையும் கொள்ளும் நோய். ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைக் கொடுத்தால் அவை எழுந்து நடப்பதையும் 1890களிலேயே கண்டார். அதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் உள்ள அச்சத்தே இன்று வைட்டமின் பி1 எனப்படுவது.

நம் நாட்டில் இந்நோய் மிகுதியாக வேரூன்றியிருந்த இடம் வடசர்க்கார் மாவட்டங்கள் எனப்பட்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதி. அங்கும் அரிசிச் சோறு. தமிழ் மாவட்டங்களிலும் அரிசிச் சோறு. அங்கே நோய் இருக்க, இங்கே அரிதானது ஏன்? விடை நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவில் இருந்தது. அங்கே பெரும்பாலோர் உண்டது இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசி. இங்கே ஏழை எளியோர் உண்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றும் போய்விடுவதில்லை. ஊற வைப்பதும் அவிப்பதும் காயவைப்பதுமாகிய அந்தப் பழைய வேலையை யாரும் மருத்துவமாகக் கருதிச் செய்ததில்லை. உமி எளிதில் நீங்கும், நொய் குறையும், சோறு குழையாது என்பதே அவர்கள் கண்ட பயன். ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களை அது காத்து வந்தது.

இன்றும் நம் அண்டை வீட்டுத் தெலுங்குத் தாய்மார்கள் நம் புழுங்கலரிசியை உப்புடு பிய்யம் என்று கூறி, இதை எப்படித்தான் உண்கிறீர்களோ என்று வியப்பதுண்டு. நம்மவருள் சிலரும் வெட்கப்பட்டு, மல்லிகை போல் வெளுத்த அரிசிக்கு மாறிவிட்டனர். எம் வீட்டிலும் அப்படியே. அவ்வெண்மைக்கு நாம் கொடுத்த விலை என்ன என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம்.

கூடத்தார் இன்னொன்றையும் அளந்தனர். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினால் எவ்வளவு சத்துப் போகிறது, வடித்த கஞ்சியோடு எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டனர். கழுநீரும் கஞ்சியும் நாம் எண்ணுவதைவிட மிகுதியாகவே கொண்டு போகின்றன என்று தெரிந்தது. கிராமத்தில் கழுநீர் மாட்டுக்குச் சென்றது. கஞ்சி வேலையாளுக்கோ பிள்ளைக்கோ சென்றது. குடியிருப்பில் இரண்டும் சாக்கடைக்குச் செல்கின்றன.

எலிகளின் சாட்சி

இனி, தமிழராகிய நம்மைச் சற்றே தலைகுனிய வைக்கும் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். மறைப்பதில் பயனில்லை.

மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே சமைத்து வெள்ளெலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர், மதராசிகள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். எலிகள் அனைத்தும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே வகைக் கூண்டு. வேறுபட்டது உணவு ஒன்றே. சிலகாலம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை உண்ட சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் நின்றன. மிகத் தீட்டிய அரிசியும், சிறிதளவு காய்கறியும், பெயருக்குப் பாலும் கண்ட மதராசி எலிகள் மெலிந்து கடைசியில் நின்றன.

அலுவலகத்தில் வடநாட்டு நண்பர்கள் விளையாட்டாக, ‘மதராசி சோறு தின்றே மெலிந்தவர்’ என்று நகைப்பதுண்டு. இச்செய்தியைப் படித்தபோது, அந்நகைப்புக்கு விஞ்ஞானமும் சான்று கூறுகிறதே என்று முதலில் எம் மனம் சுருங்கியது. மீண்டும் ஒருமுறை படித்தபோதுதான் அதன் உண்மைப் பொருள் புலனாயிற்று.

அக்காலத்து ஆங்கிலேய அதிகாரிகள் வடவரைப் போர்க்குலத்தார் என்றும், தென்னாட்டாரையும் வங்காளியரையும் மென்குலத்தார் என்றும் பிரித்துப் பேசினர். இராணுவத்திற்கு ஆள் எடுப்பதிலும் அவ்வாறே செய்தனர். உடல்வலிமை இரத்தத்தில் வருவது என்பது அவர்கள் கொள்கை. மக்காரிசனின் கூண்டுகள் சொன்னதோ வேறு. ஒரே இரத்தத்தைச் சேர்ந்த எலிகள்தாம் ஒரு புறம் சீக்கியராகவும் மறு புறம் மதராசியாகவும் ஆயின. இரத்தம் அன்று, இலையில் விழுவதே வேறுபாட்டிற்குக் காரணம். இலையை மாற்றினால் உடலும் மாறும். குறை நம் பிறப்பில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேறு என்ன வேண்டும்?

ஆங்கிலேயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், டப்பா இறைச்சி, மலிவான ஜாம், சர்க்கரை மிகுந்த தேநீர் ஆகியவற்றை வேறு ஒரு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றின. ஒன்றோடொன்று சண்டையிட்டு, வலுவற்றவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. அப்பட்டியலைப் படித்தபோது, நம் பிள்ளைகள் மாலையில் கடையிலிருந்து வாங்கி வரும் தின்பண்டங்களின் நினைவு எமக்கு வந்தது.

மண்ணும் எருவும்

உணவு உடலை ஆக்குகிறது. உணவை ஆக்குவது எது? மண். இக்கேள்வியையும் அக்கூடம் விடவில்லை. கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் 1909ஆம் ஆண்டில் நிலையான எருச் சோதனை வயல் ஒன்று தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு இரசாயன உரம், ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று ஆண்டுதோறும் மாறாமல் பயிரிட்டு வந்தனர். அங்கே அரசு வேளாண் இரசாயன அறிஞராக இருந்த விசுவநாத் என்பவரும் மக்காரிசனும் சேர்ந்து, எருவின் வகைக்கேற்பத் தானியத்தின் சத்து மாறுகிறதா என்று ஆராய்ந்தனர். அவர்கள் ஆய்வு 1926இல் வெளியாயிற்று. தொழுவுரம் இட்ட நிலத்துத் தானியம் இரசாயன உரம் இட்ட நிலத்துத் தானியத்தைவிட ஊட்டமும் வைட்டமினும் மிகுந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவை இன்று பலரும் பெரிதாகப் பேசுகின்றனர். நேர்மையாகச் சொல்வதானால், பின்னர் பிற நாடுகளில் நடந்த சோதனைகள் எல்லாம் ஒரே விடையைத் தரவில்லை. எருவைப் போலவே விதையின் வகையும் மண்ணின் இயல்பும் அறுவடைக்குப் பின் கழியும் நாள்களும் காய்கறியின் தரத்தை மாற்றுகின்றன. ஆயினும் அவ்விருவரும் எழுப்பிய கேள்வி பெரிது. அதுவரை விளைச்சலை மூட்டைக் கணக்கில் மட்டுமே அளந்தனர். மூட்டைக்குள் இருப்பது என்ன என்று கேட்டவர் சிலரே.

பார்சல் அலுவலகத்தில் பணி செய்யும் எமக்கு இதில் ஒரு நேர் அனுபவம் உண்டு. நெடுந்தொலைவிலிருந்து வரும் காய்கறிக் கூடைகளை நாள்தோறும் காண்கிறோம். நிறையும் எண்ணிக்கையும் சீட்டில் ஏறுகின்றன. வாடலுக்குக் கட்டம் இல்லை. கீரை மட்டும் அவ்வாறு வருவதில்லை. அது பயணத்தைத் தாங்காது. பறித்த அன்றே உண்ண வேண்டிய பொருள் அது. வெயிலில் வாடிய கீரையில் வைட்டமின் சி விரைவில் அழிந்துவிடுகிறது. எனவே கீரைக்கு உற்ற இடம் வீட்டுக் கொல்லையே.

கண்ணும் புண்ணும்

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த எம் பாட்டியார் தம் தம்பியைப் பற்றிப் பலமுறை கூறியிருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளை. அந்தி சாய்ந்தால் சுவரில் இடித்துக்கொள்வானாம். மாலைக்கண் என்றனர். பின்னர் அம்மை போட்டது. அம்மை இறங்கியபோது இரு கண்ணும் வெளுத்துப் பார்வை போய்விட்டது. அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று வீட்டார் ஆறுதல் அடைந்தனர். கண் இழந்த அப்பிள்ளை நாளெல்லாம் விளையாடியது கொல்லையில் நின்ற முருங்கை மரத்தடியில் என்று பாட்டியார் சொல்வார். அந்த இலையிலேயே மருந்து இருந்தது என்பதை அவரும் அறியார். அவ்வூரில் எவரும் அறியார். கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வயிறு கெடும் என்பதே அன்றைய எண்ணம்.

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வருகிறது. முற்றினால் கருவிழி இளகி உடைகிறது. சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ரைட் என்னும் மருத்துவர், தென்னாட்டுப் பிள்ளைகளிடையே இக்கொடுமை எவ்வளவு மிகுதி என்பதை 1920களிலேயே எழுதினார். மக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர்க் கூடத்தின் இயக்குநரான அய்க்ராய்டும் அவரும் சேர்ந்து, செம்பனை எண்ணெய் கொடுத்து இந்நோயைத் தீர்க்க முயன்று அம்முடிவுகளை 1937இல் வெளியிட்டனர். கூடம் ஐதராபாத்துக்கு வந்த பின் 1970இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஊட்டங்குறைந்த குழந்தைகளுக்குத் தண்டுக்கீரை சமைத்துக் கொடுத்துப் பார்த்தனர். கீரையில் உள்ள மஞ்சள் நிறச் சத்தைக் குழந்தையின் உடல் நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது என்று கண்டனர். சிறிது எண்ணெய் சேர வேண்டும், அவ்வளவே. கீரை பிள்ளைக்கு ஆகாது என்ற அச்சத்துக்கு அது தக்க மறுமொழி.

அடுத்துப் புண்ணின் செய்தி. வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி வருகிறது, ஈறு வீங்கி இரத்தம் கசியும், காயம் ஆறாது. முதல் உலகப் போரில் மெசபடோமியாவின் கூட் நகரில் முற்றுகையிடப்பட்ட படை 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தது. பச்சைக் காய்கறி அறவே இல்லாத அம்முற்றுகையில் நம் இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வியால் வாடினர். வெள்ளை மாவு ரொட்டியை நம்பிய ஆங்கிலச் சிப்பாய்களுக்குப் பெரிபெரி கண்டது. ஒரே கோட்டைக்குள் இரு நோய். காரணம் இரு உணவு. முளைகட்டிய பயறு ஸ்கர்வியைத் தடுக்கும் என்பதும் அப்போரின் காலத்திலேயே ஆய்ந்து உணரப்பட்டது. காயத்துக்கும் இச்சத்துக்கும் உள்ள உறவைக் கிராண்டன் என்னும் அமெரிக்க இளம் மருத்துவர் தம் உடலிலேயே சோதித்தார். வைட்டமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டு, தம் முதுகில் வெட்டுக்காயம் செய்வித்துப் பார்த்தார். மூன்றாம் மாதக் காயம் ஆறியது. ஆறாம் மாதக் காயம் ஆறவில்லை. அச்சத்தை ஏற்றிய பின்னரே கூடியது. 1940இல் அது வெளியாயிற்று. ஷெட்டிலும் தண்டவாளத்திலும் கைகால் கீறிக்கொள்ளும் நம் தோழர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். புண் ஆறாமைக்கு நீரிழிவு முதலிய வேறு காரணங்களும் உண்டு; ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டாமல் இருத்தல் கூடாது.

இச்சத்து மலிவாக நிறைந்திருப்பது எதில்? மலையடிவாரத்தில் கூடை கூடையாக விற்கும் நெல்லிக்காயில். ஆரஞ்சுப் பழத்தினும் பன்மடங்கு அதில் உள்ளது என்பதைக் குன்னூரில் அளந்தனர். பிற காய்களில் வேகவைத்தாலும் உலர்த்தினாலும் பெரிதும் அழிந்துபோகும் இச்சத்து, நெல்லியில் மட்டும் பெரிதும் நிலைத்திருப்பது ஏன் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் நாயரும் ஆராய்ந்தனர். நெல்லியின் துவர்ப்பே அதற்குக் காவல் என்று 1936இல் எழுதினர். நாக்கைச் சுருக்கும் அத்துவர்ப்பை நாம் குறையென்று எண்ணினோம். அது காவற்காரனாக நின்றிருக்கிறது.

ஐதராபாத்துக்கு வருகை

அய்க்ராய்டின் காலத்தில், 1937இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை சிறு நூலாக வெளிவந்தது. ராகி, கம்பு, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, கருவாடு என்று நம் கிராமத்துச் சந்தைப் பொருள்களெல்லாம் எண்களோடு அச்சில் ஏறின. ஏழையின் உணவு என்று ஒதுக்கிய ராகியில் சுண்ணாம்புச் சத்து அரிசியைப் போல் பலமடங்கு இருப்பதை எவரும் மறுக்க இயலாதபடி அவ்வெண்கள் காட்டின. வங்காளப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் அய்க்ராய்ட் உறுப்பினராக இருந்தார். அட்டவணை போடும் கை, பட்டினியால் மாண்டவர் கணக்கையும் எழுத நேர்ந்தது.

நாடு விடுதலை பெற்ற பின், 1958இல் கூடம் குன்னூரை விட்டு ஐதராபாத்துக்கு வந்தது. அறிஞர்களும் பணியாளர்களும் குளிர்மலையை விட்டு இந்தக் கருங்கல் பூமிக்குக் குடும்பத்தோடு வந்தனர். புது மொழி, புது நீர், புது வெயில். அந்நாளில் அவர்கள் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை; நம் பெற்றோரும் நாமும் பட்டதுதான்.

இங்கே அதன் தலைமையை ஏற்றவர் டாக்டர் கோபாலன். சேலத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டும் கூடம் பிறந்த ஆண்டும் ஒன்று. நூறாண்டு நிறைய வாழ்ந்து 2019இல் மறைந்தார். தக்காணத்தில் சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளிடம் தோல் கறுத்து உரியும் பெலாக்ரா என்னும் நோய் இருந்தது. சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் பொருள் அதற்கு ஒரு காரணமாகலாம் என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். அக்கருத்தைப் பற்றி அறிஞரிடையே பின்னரும் விவாதம் நடந்தது. ஆயினும் சோளத்தின் எல்லா வகையும் ஒன்றல்ல, விதைக்கு விதை சத்து வேறுபடும் என்ற உண்மை அவ்வழியில் வெளிப்பட்டது. கோயமுத்தூர் வயலில் எழுந்த கேள்வி ஐதராபாத்தில் வேறு உருவில் மீண்டும் எழுந்தது எனலாம்.

பொன்விழாவை ஒட்டி 1969இல் இதற்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியதற்கு இங்கு நடந்த ஆராய்ச்சியே அடிப்படை. எம் பாட்டியாரின் தம்பி ஒரு தலைமுறை பிந்திப் பிறந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 1937இன் சிறு நூலும் வளர்ந்தது. 2017இல் வெளியான புதிய அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன.

நம் வீட்டு இலை

இனி நம் கதைக்கு வருவோம். பெரிபெரி பெரும்பாலும் மறைந்தது, பெலாக்ரா அரிதாயிற்று, பிள்ளைகள் கண் இழப்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அது நூற்றுக்கு 67. மற்றொரு புறம், 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கின்றனர் என்று கணித்தது. வெண்சோறு மிகுந்து, பருப்பும் கீரையும் காயும் சுருங்கிய இலை இவ்விரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. மதராசி எலியின் கூண்டு இன்னும் முற்றும் திறக்கவில்லை போலும்.

எம் மகள் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தந்தார். பூச்சி மருந்தும் தந்தார். மாத்திரையை நிறுத்தாமல் கொடுத்தோம். கீரை மட்டும் போதும் என்று மருந்தைக் கைவிடுவது பேதைமை. உணவிலும் மாற்றம் செய்தோம். வீட்டில் மீண்டும் புழுங்கலரிசி வந்தது. வாரம் இருநாள் ராகி. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் கொடுப்பதை நிறுத்தினோம். அது இரும்புச்சத்தை உடலில் சேர விடாது. அதற்குப் பதில் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தோம். அவை சேரச் செய்யும். குவார்ட்டர்சின் பின்புறத்தில், குளியலறை நீர் ஓடி வீணாகும் இடத்தருகே ஒரு முருங்கைக் கொம்பை நட்டோம். ராகிக் களியைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லத் தோழியர் சிரிப்பார்கள் என்று மகள் முதலில் தயங்கினாள். மக்காரிசனின் எலிகளின் கதையை அவளுக்குச் சொன்னோம். ‘அப்படியானால் நாம் பிறப்பில் மட்டமில்லை, அப்பா, சாப்பாட்டில்தான் தவறினோம்’ என்றாள். ஆறு மாதத்தில் அளவு ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்கு வந்தது. இன்னும் சிறிது தொலைவு இருக்கிறது.

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். அவ்வறிவு நம்மிடம் பழமையாகவே இருந்தது. அதை அளந்து, எடையிட்டு, எண்ணாக்கி நம் கையில் தந்த கூடம் நம் மலையில் பிறந்து நம் தெருவுக்கு அருகிலேயே வந்து குடியிருக்கிறது. அதன் மதிலுக்கு வெளியே நாம் அறியாமையோடு வாழ்வது முறையாகுமா?

சங்கத்தின் ஆண்டு விழாப் பந்தியைச் சமைக்கும் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். பாயசமும் அப்பளமும் வழக்கம் போல் இருக்கட்டும். நமக்கும் அவை வேண்டும். அவற்றோடு இவ்வாண்டு ஒரு முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு நெல்லிக்காய்ப் பச்சடியும் இலையில் ஏறட்டும். கீரைக்கு ஆகும் செலவை யாமே ஏற்கிறோம். எம் வீட்டுக் கொம்பு இப்போது கூரைக்கு மேல் தழைத்திருக்கிறது. வேண்டுவோர் கிளை வெட்டிக்கொண்டு போய்த் தம் வீட்டிலும் நடலாம்.